ராணி ஏன் வடக்கே போனாள்

காரைக்காலில் பங்கஜவல்லியின் முகம் தெரிந்தவர்கள் இரண்டு தெருவுக்குள் அடங்கிவிடுவார்கள். குரல் தெரியாதவர்கள் கிடையாது. ஆடித் தள்ளுபடி, நகைக்கடைத் திறப்பு, கண் சிகிச்சை முகாம், காணாமற்போன கன்றுக்குட்டி, எதுவானாலும் ஆட்டோவின் மேல் கட்டிய ஒலிபெருக்கியில் வருவது அவள் குரல்தான். கோட்டுச்சேரியில் வீட்டு வாசலில் அவள் துணி உலர்த்திக்கொண்டிருப்பாள். தெருமுனையில் திரும்பும் ஆட்டோ அவள் குரலிலேயே "அன்பார்ந்த பொதுமக்களே" என்று அவளை அழைத்துவிட்டுப் போகும். அந்த அறிவிப்புகள் எதிலும் அவள் பெயர் வந்ததில்லை. கடையின் பெயர் வரும், மருத்துவரின் பெயர் வரும், கன்றுக்குட்டியின் நிறம்கூட வரும்.

அம்பகரத்தூரில் நெல் விவசாயி தெட்சிணாமூர்த்தியின் மூத்த மகள். வரலாற்றில் இளங்கலை. கணவர் சிவநாதன் மின்துறையில் வேலை. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம்தான் பங்கஜவல்லி காரைக்காலில் ஷகீலின் ஒலிப்பதிவுக் கடைக்கு அறிவிப்பு வாசிக்க முதன்முதலாக வந்தாள். பள்ளிவாசல் தெருவில் பழைய வீடு ஒன்றின் கீழ்த்தளம் அந்தக் கடை. மாடியில் ஷகீலும் மனைவி சித்திக்காவும், சித்திக்காவின் தாயார் கைருன்னிஸாவும் குடியிருந்தார்கள்.

வீடு கைருன்னிஸாவுடையது என்று தெரிந்த நாள் முதல் பங்கஜவல்லிக்கு ஷகீல்மீது ஓர் இரக்கம். பாவம், மாமியார் வீட்டில் ஒண்டியிருக்கிற பிள்ளை, சொந்த வீட்டில் என்ன கஷ்டமோ என்று எண்ணிக்கொள்வாள். அவனுடைய பெற்றோரைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. தீபாவளிக்கு அதிரசம் கொண்டுவந்தால் டப்பாவை அவன் கையில் கொடுத்து, "நீங்க மொதல்ல சாப்பிடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் மாடிக்குப் போவாள்.

கடையில் வேறு யாராவது பதிவு செய்துகொண்டிருந்தால் மாடியில் காத்திருப்பது வழக்கம். அங்கேதான் தோர்வேனைப் பார்த்தாள். தோர்வேன் ஒரு வீடியோ விளையாட்டு. இருபது வருடங்களுக்கும் மேலாக ஆறு பாகங்கள் வந்திருந்தன. வாளும் மந்திரமும் பனிமலையும் கொண்ட ஒரு கற்பனை நாடு. விளையாடுகிறவர் அதில் ஒரு ஆளாகப் புகுந்து சுற்றலாம், சண்டை போடலாம், எதிர்ப்படுகிறவர்களோடு பேசலாம். சித்திக்கா தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து விளையாடுவாள். பங்கஜவல்லிக்கு விளையாட்டை இயக்கும் அந்தக் கைப்பிடியைப் பிடிக்கவே வராது. அவள் படிப்பவள். கல்லறையில் எழுதியிருப்பது, மேசையில் கிடக்கும் ஓலை, கிணற்றடியில் இரண்டு பெண்கள் முணுமுணுப்பது, ஒன்றையும் விடமாட்டாள். சித்திக்காவை அவள் 'சித்தி' என்று சுருக்கித்தான் கூப்பிடுவாள்.

"அக்கா, ஓநாய் வருது. அப்புறம் படிக்கலாம்."

"இரு சித்தி, கல்வெட்ட முடிச்சுக்கிறேன்."

"நீங்க முடிக்கிறதுக்குள்ள அது என்னை முடிச்சுடும்."

இப்படித் தொடங்கியது அவர்களுடைய யூடியூப் சேனல். சித்திக்கா விளையாடிய காட்சிகள், ஷகீலின் ஒலிப்பதிவு, பங்கஜவல்லியின் குரலில் தோர்வேனின் கதை. தமிழில் அதுவரை யாரும் அதை முழுதாகச் சொன்னதில்லை. கேட்கிறவர்கள் பெருகினார்கள். மலேசியாவிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் கருத்துகள் எழுதினார்கள்.

தோர்வேன் கதையில் ஒரு சங்கடம் உண்டு. முதல் பாகத்தில் மன்னன் ஒத்ரிக் போரில் விழுந்தான் என்று இருக்கும். இரண்டாம் பாகத்தில் ஒரு பூசாரி அவன் விஷத்தால் இறந்தான் என்பான். அம்பகரத்தூர்க் காளி அசுரனைக் கொன்ற கதையை அப்பா ஒரு விதமாகவும் அத்தை வேறு விதமாகவும் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் பங்கஜவல்லி. அவள் ஊரில் இரண்டும் செல்லும். தோர்வேன் ரசிகர்களிடம் செல்லாது. எது அந்த உலகத்தில் உண்மையாக நடந்தது என்பதை 'கேனன்' என்று பிரித்து வைத்திருந்தார்கள். விளையாட்டுக்குள் ஆதாரம் இருந்தால் கேனன். அதைப் படைத்தவர்கள் வெளியில் சொன்னால் அதற்கு அடுத்த இடம். ரசிகர்கள் தாங்களாக ஊகித்தால் அதற்கு இடமே இல்லை. பங்கஜவல்லி தன் நேயர்களுக்கு இதைக் 'கணக்கில் வருவது', 'கணக்கில் வராதது' என்று சொல்லிப் பழக்கியிருந்தாள்.

அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது 'தாய்மாமன் போர்' என்ற பகுதி. மன்னன் இறந்தபின் மந்திரி அரியணையைப் பிடித்துக்கொள்கிறான். வடகோட்டைத் தலைவன் ஹார்வத், ஒரு சம்பந்தமும் சொல்லாமல், சின்ன இளவரசனுக்காகப் படை திரட்டிக்கொண்டு பனியில் இறங்கி வருகிறான். ஏன் வருகிறான் என்று விளையாட்டில் விளக்கம் இல்லை. பங்கஜவல்லி விளக்கினாள். ராணி மெலாரா வடகோட்டையின் பெண். ஹார்வத் அவளுக்கு அண்ணன். தங்கை பெற்ற பிள்ளைக்குத் தாய்மாமன் வராமல் வேறு யார் வருவார்கள்? கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். "எங்க மாமாவும் இப்படித்தான், சொத்து வழக்குல எங்களுக்காக நின்னாரு" என்று சீர்காழியிலிருந்து ஒருவர் எழுதினார்.

இந்த வருடம் ஆனி மாதம் சென்னையிலிருந்து கதிரவன் என்பவர் அழைத்தார். தோர்வேனை உருவாக்கிய வெளிநாட்டு நிறுவனம் தன் கதையை இந்திய மொழிகளில் அதிகாரபூர்வ ஒலித்தொடராக வெளியிடப்போகிறது. தமிழ்ப் பொறுப்பு கதிரவன் வேலை பார்க்கும் நிறுவனத்துடையது. குரல் பங்கஜவல்லியுடையதாக இருக்கட்டும் என்று நினைக்கிறார்கள். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் "கதை சொல்பவர் பங்கஜவல்லி" என்று வரும்.

அந்த ஒரு வரியைக் கேட்டதும் அவளுக்கு வாய் உலர்ந்துவிட்டது.

"ஒரே ஒரு விஷயங்க மேடம்" என்றார் கதிரவன். "மாதிரிக்கு பத்து நிமிஷம் அனுப்புங்க. தாய்மாமன் பகுதியையே அனுப்புங்க, அதுதான் எல்லாருக்கும் தெரியும். அதுல ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆதாரம் வேணும். எந்தப் பாகம், எந்த இடம், யார் சொன்னது. வெள்ளிக்கிழமை அவங்க கதைக் காப்பாளர், கதையில தப்பு வராம பாத்துக்கிறவங்க, வீடியோ கால்ல வருவாங்க. இங்க்ரிட்னு பேரு. ரொம்ப கறார்."

"அதுக்கென்னங்க, எல்லாம் இருக்கு" என்றாள் பங்கஜவல்லி.

எல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர. ராணி வடகோட்டையின் பெண் என்பதற்கு ஆதாரம் எழுதப்போன கை நின்றுவிட்டது. எங்கேயோ படித்திருக்கிறாள், உறுதியாகத் தெரியும். கல்லறையிலா, ஓலையிலா, யார் வாயிலாவதா? நினைவுக்கு வரவில்லை. 

மறுநாள் காலை முதல் சித்திக்காவை அந்தப் போர் வரும் மூன்றாம் பாகத்தை மறுபடியும் விளையாட வைத்தாள். அரண்மனை முழுக்கத் தேடினார்கள். நூலகத்தில் இருந்த ஒவ்வொரு நூலையும் திறந்தார்கள். ராணியின் தோழியிடம் பேசினார்கள். அவள் வானிலையைப் பற்றி மட்டுமே பேசினாள். கோட்டுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் பேருந்தில் போய்வரும் நேரத்தில் பங்கஜவல்லி பழைய பகுதிகளைத் தானே காதில் போட்டுக் கேட்டாள். தன் குரலில் ஒரு தயக்கமும் இல்லாததே அவளுக்குப் பயமாக இருந்தது.

வேலையிலும் தவறினாள். பூவத்தில் நடக்கும் கண் சிகிச்சை முகாமை நெடுங்காட்டில் என்று வாசித்துவிட்டாள். ஆட்டோ பாதி ஊரைச் சுற்றியபிறகுதான் முகாம்காரர்கள் அழைத்தார்கள். எட்டு வருடத்தில் அவள் ஊர் மாற்றிச் சொன்னதில்லை. ஷகீல் மறுபடி பதிவு செய்தான். 

வீட்டில் சிவநாதன் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து கேட்டார். "என்ன, ராணிக்கு இடுப்பு வலி கண்டுடுச்சா? சாம்பார்ல உப்பே இல்ல."

"வெளையாடாதீங்க. வெள்ளிக்கிழமை கேப்பாங்க."

"கேட்டா சொல்லு. நீதான ஊருக்கே சொல்ற."

"அதான் பயமா இருக்கு."

அவர் உப்பைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை சித்திக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. தோர்வேன் ரசிகர்கள் ஆங்கிலத்தில் நடத்தும் பெரிய கலைக்களஞ்சியம் இணையத்தில் இருந்தது. அதில் மெலாராவின் பக்கத்தைத் திறந்தாள். பிறப்பு: வடகோட்டை. சகோதரன்: ஹார்வத்.

"பாருங்க அக்கா. இருக்கு. அவங்களே போட்டிருக்காங்க."

பங்கஜவல்லிக்கு மூச்சு வந்தது. "கீழ எண் போட்டிருக்கு பாரு, ஆதாரம் எதுன்னு தொடு."

சித்திக்கா தொட்டாள். திரையில் ஒரு காணொளி திறந்தது. பனிமலையின் படம், அதன்மேல் தமிழ் எழுத்து. "வணக்கம் நேயர்களே" என்றது பங்கஜவல்லியின் குரல்.

 காணொளி தானாக ஓடிக்கொண்டிருந்தது. தமிழ் தெரிந்த யாரோ ஒரு ரசிகர், அவள் சொன்னதை நம்பி அங்கே ஏற்றியிருக்கிறார். அதைப் பார்த்து உலகமெல்லாம் நம்பியிருக்கிறது. இங்க்ரிட் இதைத் தொட்டால் இதே குரல்தான் கேட்கும்.

"நிறுத்து சித்தி" என்றாள் பங்கஜவல்லி.

வியாழக்கிழமை மதியம் கடைசியாகக் குதிரை லாயத்துக்குப் போனார்கள். லாயக்காரன் ஒருவனிடம் பேசினால் ராணியைப் பற்றிச் சொல்வான் என்று சித்திக்காவுக்கு நினைவு. கைருன்னிஸா அன்று பக்கத்தில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விளையாட்டின்மேல் அவளுக்கு மதிப்பில்லை. ஆனால் தொலைக்காட்சி ஓடினால் கண் தானாகப் போகும்.

லாயக்காரன் குதிரையைத் தேய்த்தபடி சொன்னான். எழுத்தாகக் கீழே ஓடியது. பங்கஜவல்லி தமிழில் படித்தாள்: "வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு ராணி வடக்கே போனார். திரும்பி வந்தபோது கையில் இளவரசர் இருந்தார்."

"இதுதான்" என்றாள். குரல் எழும்பிவிட்டது. "இதுதான் சித்தி, இதத்தான் படிச்சிருக்கேன். ஏழு மாசம், வடக்க போனா. அவ தாய் வீடு வடக்குதான்."

"தாய் வீடுன்னு அவன் சொல்லலியே" என்றாள் சித்திக்கா.

"சொல்லணுமா? ஏழாம் மாசம் வேற எங்க போவா? வளைகாப்பு முடிஞ்சு தாய் வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்க. என்னை கை நெறைய வளையலோட இதே மாதிரிதான் அம்பகரத்தூருக்குக் கூட்டிட்டுப் போனாங்க."

கைருன்னிஸா கீரைக்காம்பை ஒடித்துப் போட்டாள். "தாய் வீட்டுக்குப் போறான்னா, அதுவரைக்கும் அந்தப் புள்ள யாரு வூட்டுல இருந்துச்சு?"

"ராஜா வீட்டுலம்மா. அரண்மனையில."

"அரண்மனை ராஜா வூடுன்னு யாரு சொன்னா? அந்தப் பொண்ணோட வூடா இருக்கும். ராஜா வந்து இருந்திருப்பான்."

பங்கஜவல்லி சிரித்துவிட்டாள். "பொண்ணு வீட்டுல போயி ராஜா இருப்பானாம்மா? அவ்வளவு கதியத்தவனா?"

சொல்லி முடித்த பிறகுதான் தேநீர்த் தட்டோடு வாசற்படியில் நிற்கும் ஷகீலைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். கைருன்னிஸா நிமிரவில்லை.

"கதியத்தவனா? இந்த வூடு எங்க உம்மா வூடு. எங்கும்மாவுக்கு அவங்கும்மா குடுத்தது. எங்கும்மா எனக்குக் குடுத்துச்சு, நான் இவளுக்குக் குடுத்துட்டேன். எங்க குடும்பத்துல பொண்ணு வூட்ட விட்டு எங்கயும் போறதில்ல. மாப்பிள்ளதான் வருவாரு. இவ இந்த அறையிலதான் பொறந்தா, இவ புள்ளையும் இந்த அறையிலதான் பொறக்கும்."

ஷகீல் தட்டைக் கீழே வைத்தான். "எங்க வாப்பா வீடு என் தங்கச்சிக்கு, அக்கா. அவ மாப்பிள்ளை அங்க இருக்காரு. நீங்க என்ன, போக்கிடம் இல்லாம நான் இங்க கெடக்கேன்னு நெனச்சீங்களா?"

பங்கஜவல்லி தட்டிலிருந்து ஒரு தேநீரை எடுத்து ஊதத் தொடங்கினாள்.

"அதானா" என்றாள் சித்திக்கா, கைப்பிடியை மடியில் போட்டுவிட்டு. "அதானா வருஷா வருஷம் அதிரச டப்பாவ இவரு கையில குடுத்து, 'நீங்க மொதல்ல சாப்பிடுங்க தம்பி'ன்னு கண்ணு கலங்குறீங்க?"

"நானும் என் மேல ஒரு மரியாதைன்னு இருந்தேன்" என்றான் ஷகீல். "இனிமே டப்பா வராதா?"

மூவரும் சிரித்தார்கள். பங்கஜவல்லியும் சிரிக்கப் பார்த்தாள். எட்டு வருடம் இதே மாடியில் உட்கார்ந்திருக்கிறாள். இந்த வீட்டிலேயே அவளுக்குத் தெரியாமல் போனது, பனிமலை நாட்டில் எப்படித் தெரிந்திருக்கும்? லாயக்காரனின் வாக்கியத்தை மறுபடி படித்தாள். ராணி வடக்கே போனார். அவ்வளவுதான். தாய் வீடும் அண்ணனும் தாய்மாமனும் அம்பகரத்தூரிலிருந்து போனவை.

"அப்ப ஹார்வத்?" என்று சித்திக்கா கேட்டாள்.

"ராஜாவோட ஆளு" என்றாள் கைருன்னிஸா. "சின்னாப்பாவோ பெரியாப்பாவோ. அவங்க ரத்தம்னு படைய எடுத்துக்கிட்டு வந்திருப்பான்."

"அதுக்கும் ஆதாரம் இல்லம்மா" என்றாள் பங்கஜவல்லி மெதுவாக.

"எனக்கெதுக்கு ஆதாரம். நான் கீரை ஆயிறேன்."

ஷகீல் ஒரு வழி சொன்னான். "பரவலாக நம்பப்படுகிறது அப்படின்னு ஒரு வார்த்தை சேத்துக்குங்க அக்கா. பத்திரிகையில எல்லாம் போடுறாங்கல்ல."

"யாரு நம்புறா தம்பி? நான் சொன்னத நம்புறாங்க. அதையே நான் போயி சாட்சிக்குக் கூப்பிடவா?"

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குக் கடையின் பதிவறையில் உட்கார்ந்தாள். ஜும்ஆ தொழுகை முடிந்து தெரு அடங்கியிருந்தது.  திரையில் கதிரவன் வந்தார். பிறகு நரைத்த தலைமுடியை வெட்டிவிட்ட ஓர் அம்மாள் வந்தார், இங்க்ரிட். கையில் பங்கஜவல்லி அனுப்பிய தாள்கள். வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். மந்திரி அரியணை ஏறிய நாள், படை பனியில் இறங்கிய வழி, ஒவ்வொன்றுக்கும் பங்கஜவல்லி இடமும் ஆளும் சொன்னாள். இங்க்ரிட் குறித்துக்கொண்டார். பிறகு பேனா நின்றது.

ராணி வடகோட்டையின் பெண் என்று இருக்கிறது, இந்த இடம் காலியாக இருக்கிறதே என்றார்.

லாயக்காரனைச் சொல்லிவிடலாம். அவனும் வடக்கு என்றுதானே சொல்கிறான், பாதி ஒத்துப்போகும். சொற்கள் நாக்கின் நுனிவரை வந்தன. 'கதை சொல்பவர் பங்கஜவல்லி' என்ற வரியும் கூடவே வந்து நின்றது.

"ஆதாரம் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "விளையாட்டில் அது இல்லவே இல்லை."

கதிரவனின் முகம் மாறியது. இங்க்ரிட், அப்படியானால் இத்தனை வருடம் எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொன்னீர்கள் என்று கேட்டார். பங்கஜவல்லி ஏழாம் மாதத்தைப் பற்றியும், வளையல்களைப் பற்றியும், தன் வீட்டில் பெண் எங்கே போவாள் என்பதைப் பற்றியும் சொன்னாள். இந்த மாடிவீட்டில் பெண் எங்கும் போகமாட்டாள் என்பதையும் சொன்னாள். ஆங்கிலம் தடுக்கிய இடங்களில் கையால் காட்டினாள்.

 இங்க்ரிட் சொன்னது இது. மூன்றாம் பாகம் செய்தபோது அவர் அங்கே இளையவர். ராணி கருவுற்றிருப்பதைக் காட்ட ஓர் அந்தப்புரம் வரைய வேண்டியிருந்தது, வரைய நேரமில்லை. எனவே ராணியை அரண்மனையிலிருந்து எங்கேயாவது அனுப்ப வேண்டும். வரைபடத்தில் முடிந்திருந்தது வடக்கு மட்டும்தான். வடக்கே அனுப்பினார்கள். வேறு காரணம் கிடையாது.

"ராணி வடகோட்டையின் பெண் என்ற வாக்கியம் எடுக்கப்பட வேண்டும்" என்றார். "அதன்மேல் நிற்கும் எல்லாமும்." தாளில் நீளமாக ஒரு கோடு போட்டார். பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம் போயிற்று. "அடுத்த பாகத்தில் ராணி யாருடைய பெண் என்று நாங்கள் எழுதித்தான் ஆகவேண்டும் போலிருக்கிறது. எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்காதீர்கள்."

திரை அணைந்தது. வேலை உண்டா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் கைபேசியைக் குளியலறை வரை எடுத்துக்கொண்டு போனாள். திங்கட்கிழமை காலை கோட்டுச்சேரி நிறுத்தத்தில் பேருந்துக்கு நின்றபோது கதிரவன் அழைத்தார். "குரல் உங்களுதுதான் மேடம். ஆதாரம் இல்லன்னா 'இல்லை'ன்னு சொல்றவங்க வேணும்னாங்க இங்க்ரிட் அம்மா. ஆனா இனிமே ஒவ்வொரு பகுதிக்கும் இதே மாதிரி பாப்பாங்க. அந்த ஆறு நிமிஷத்த திருத்திப் பதிவு பண்ணி அனுப்பிடுங்க."

மகிழ்ச்சி பேருந்து காரைக்கால் சேரும்வரைகூட நிற்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து மீதி ஆறு நிமிடத்தைப் படித்தாள். நினைவிலிருந்தே ஆதாரம் எழுதி, இங்க்ரிட் கேட்காமல் விட்ட சின்னச் சின்ன வரிகள் கண்ணில் பட்டன. "மன்னன் வாசல்வரை வந்து வழியனுப்பினான்." வந்தானா? விளையாட்டில் வந்தானா, இல்லை தன்னை அம்பகரத்தூருக்கு அனுப்பியபோது சிவநாதன் வந்ததா? "இளவரசனுக்குப் பெயர் வைத்த நாளில் ஊருக்கே விருந்து." எந்த ஊரில்? எழுதியிருந்த ஒவ்வொரு வரியின் அடியிலும் யாரோ தெரிந்தவர்கள் நிற்பதுபோல் இருந்தது.

கடையில் ஷகீல் ஒலிவாங்கியைச் சரிசெய்து வைத்திருந்தான். பங்கஜவல்லி பதிவறைக்குள் போகாமல் மாடிப்படியின் கீழே நின்று அழைத்தாள்.

"அம்மா, கொஞ்சம் கீழ வந்து உக்காருங்களேன்."

"எனக்கு மீன் கழுவணும்" என்று மேலிருந்து குரல் வந்தது.

"கழுவிட்டு வாங்க. நான் படிக்கிறேன். அப்படின்னு யாரு சொன்னான்னு நீங்க கேக்கணும்."

"அது என்ன வேலை?" என்றாள் கைருன்னிஸா. ஆனால் வந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பதிவறையில் இருந்த மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஷகீல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலை உயர்த்தினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

"கதை சொல்பவர் பங்கஜவல்லி" என்றாள். தன் பெயரில் குரல் லேசாக நடுங்கியது, ஷகீல் நிறுத்தவில்லை. "வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு ராணி மெலாரா வடக்கே போனாள்."

பழைய 'தாய் வீடு' வாக்கியத்துக்கு வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டு, கைருன்னிஸாவின் முகத்தைப் பார்த்தாள்.